காளான் கொட்டகைக்குக் கரண்ட்: வீட்டு பிளக்கில் இருந்து இழுத்தால் போதாதா?

மே 11, கேள்வி

பாபநாசம் பக்கம் இருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் பால் காளான் கொட்டகை போடப் போகிறேன். பனிமூட்டம் மாதிரித் தண்ணீர் தெளிக்கிற ஃபாகருக்கு அரை ஹெச்பி மோட்டார், டியூப்லைட் நாலு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று. எல்லாம் சேர்ந்தாலும் 700 வாட் தாண்டாது. வீட்டில் அயர்ன் பாக்ஸ் ஓடுகிற பிளக்கில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்தால் போதாதா? வயர்மேன் தனி லைன், தனி எர்த், ஆர்சிசிபி என்று பட்ஜெட்டை ஏற்றுகிறார். தேவைதானா இதெல்லாம்?

மே 11, இரவு

தேவைதான் தம்பி. வயர்மேன் சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் வாட் கணக்கில் ஒன்றும் குறையில்லை. 700 வாட் என்றால் 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் சொச்சம், எந்த பிளக்கும் தாங்கும். ஆனால் காளான் கொட்டகையில் பார்க்க வேண்டியது வாட் இல்லை, ஈரம். பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பமும் 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். தரையில் நனைந்த மணல், சுற்றிலும் நனைத்த சாக்கு, கையில் தண்ணீர், பாதி நேரம் காலில் செருப்பும் இருக்காது. நனைந்த உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் உடம்புக்குள் ஓடும். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கை பிடித்ததை விடாது.

இதில் உங்கள் வீட்டு எம்சிபி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு கால் ஆம்பியர் என்பது கணக்கிலேயே வராது. அது வயர் எரியாமல் காப்பதற்கு. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும். வித்தியாசம் வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் கட் செய்துவிடும். விலை இரண்டாயிரம் ரூபாய் சுமார் வரும். காளான் வித்துக்கும் பாலித்தீனுக்கும் செலவழிக்கப் போவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மே 12

கொஞ்சம் விவரமாக எழுதச் சொன்னார்கள். என் கொட்டகையில் இருக்கிற ஏற்பாட்டையே சொல்கிறேன். கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டிய மண். முதலில் சிப்பிக் காளான், அப்புறம் பால் காளான், இப்போது கோடையில் பால், குளிர்ந்த மாதங்களில் சிப்பி என்று மாறி மாறிப் போகிறது.

நான் பிடித்துக்கொண்டிருக்கிற விதி ஒன்றுதான்: நனைந்த கை எட்டுகிற இடத்தில் 230 வோல்ட் இருக்கக் கூடாது.

ஃபாகர் மோட்டார் உள்ளே இல்லை. வெளியே, கூரை நீட்டலுக்கு அடியில், ஓர் அடி உயர மேடையில் இருக்கிறது. உள்ளே போவது பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் மட்டும். சுவிட்ச் போர்டும் வெளியேதான், கதவுக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில். உள்ளே ஒரு பிளக் பாயின்ட்கூடக் கிடையாது. இருந்தால் யாராவது ஒருநாள் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து செருகிவிடுவார்கள். உள்ளே வயர் போவது விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும். விளக்குகள் ஐபி65 என்று போட்ட, ரப்பர் வாஷர் வைத்து மூடிய டியூப் ஃபிட்டிங். ஈரம் புகாது. உறி கட்டும் மூங்கிலுக்கு மேலே இருப்பதால் காளான் படுக்கையை (வைக்கோலும் வித்தும் அடைத்த பாலித்தீன் பையை) தூக்கி மாட்டும்போது தலையோ கையோ படாது. காளானுக்குப் பெரிய வெளிச்சம் வேண்டாம் என்பது இங்கே நமக்கு வசதி.

ஃபாகருக்கு டைமர் வைப்பவர்கள் டைமரையும் வெளி போர்டிலேயே வையுங்கள். உள்ளே ஈரப்பத சென்சார் வேண்டுமானால் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்கி, அதன் அடாப்டரை வெளியே விடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் புகை எழுப்புகிற மிஸ்ட் மேக்கர் 24 வோல்ட் டிசியில் ஓடுவது. தரமான அடாப்டர் வெளியே இருந்தால் சிறிய கொட்டகைக்கு அது மோட்டாரைவிடப் பயமில்லாத வழி.

மே 12, மறுபடி

முக்கியமானது விட்டுப்போயிற்று. பால் காளானுக்குப் பள்ளம் தோண்டி, பாதி தரைக்குக் கீழே, மேலே நீல ஷீட் போட்டு அமைக்கிற கொட்டகை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிற முறை. நல்ல முறைதான். ஆனால் நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தானே எழும்பி வரும். பள்ளத்துக்குள் முழங்கால் தண்ணீர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே போர்டு, மோட்டார், ஜாயின்ட் எதுவும் பள்ளத்துக்குள் வேண்டாம். உயரத்தை வெளித்தரையில் இருந்து அளங்கள், பள்ளத்தின் தரையில் இருந்து அளக்காதீர்கள்.

மே 14

எர்த் பற்றி. "ஆர்சிசிபி போட்டால் எர்த் எதற்கு" என்று ஒருவர், "நல்ல எர்த் இருந்தால் ஆர்சிசிபி எதற்கு" என்று இன்னொருவர்.

இரண்டாமவருக்கு முதலில். உங்கள் எர்த் குழி 5 ஓம் என்று வைப்போம், கிராமத்தில் அதுவே நல்ல எர்த். மோட்டார் பாடியில் ஃபேஸ் பட்டால் எர்த் வழியாக ஓடுவது அதிகபட்சம் 230ஐ 5ஆல் வகுத்து, 46 ஆம்பியர். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழுவதற்கு 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 46க்கு அது சூடாகித்தான் விழும், பல விநாடி ஆகும். அவ்வளவு நேரமும் மோட்டார் பாடியில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நிற்கும். எர்த் மட்டும் போதாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

முதலாமவருக்கு: எர்த் இல்லாமலும் ஆர்சிசிபி விழும். ஆனால் எப்போது விழும்? நீங்கள் தொட்டு, உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகு. எர்த் இருந்தால் பாடியில் லீக் ஆன உடனேயே விழுந்துவிடும், அந்த நேரம் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இரும்பு ஃப்ரேம், இரும்பு ரேக், இரும்புக் கதவு எல்லாவற்றையும் பச்சை வயரால் எர்த்தோடு இணையுங்கள். எங்கள் தெருவில் ஒரு கொட்டகையில் உறி கட்டுகிற இரும்புக் குழாயில் டெஸ்டர் வைத்தால் எரிந்தது. கூலிக்கு வருகிற அம்மா பல நாளாகவே "சுர்ருங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம், யாரும் காது கொடுக்கவில்லை. குழாயைத் தாங்கிய கிளாம்ப் ஒன்று வயரை நசுக்கி, மேல்தோல் கிழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. நகக்கண் அளவுகூட இருக்காது. "சுர்ருங்குது" என்று யார் சொன்னாலும் அன்றைக்கே மெயினை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது எச்சரிக்கை, அடுத்த முறை கை நனைந்திருக்கும்.

மே 15

எர்த் குழி அளவு கேட்டவருக்கு: ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய்) என்றால் இரண்டரை மீட்டர் நீளத்துக்குக் குறையக் கூடாது, 40 மி.மீ. விட்டம். சுற்றிலும் கரியும் உப்பும்.

டெல்டா மண்ணுக்கு ஒரு பேச்சு. களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அருமையான மண். ஆனால் மேட்டூர் மூடி, வாய்க்கால் வற்றி, சித்திரை வைகாசியில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அதே குழியின் தடை பல மடங்கு ஏறும். மார்கழியில் அளந்துவிட்டு "நல்லா இருக்கு" என்று எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. வெடித்த மண்ணில் அளக்கச் சொல்லுங்கள். கோடையில் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர். ஃபாகர் தொட்டியின் வழிநீர் அந்தப் பக்கம் போகிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது.

வேதாரண்யம் அண்ணன் கேட்டது வேறு சங்கதி. உங்கள் பக்கம் உப்பு மண், தடை குறைவாகவே காட்டும், ஆனால் ஜிஐ பைப்பை அரித்துத் தின்றுவிடும். செம்புப் பூச்சு போட்ட ராடு பாருங்கள். மேலே வயர் சேர்கிற போல்ட்டை வருஷா வருஷம் திறந்து பாருங்கள். பைப் நன்றாக இருந்து போல்ட் துருப்பிடித்து விட்டுப்போவதுதான் அதிகம்.

மே 19

வைக்கோல் வேகவைக்க 200 லிட்டர் இரும்பு டிரம்மில் ஹீட்டர் ராடு போடலாமா என்று திருத்துறைப்பூண்டியில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அக்கா. தயவுசெய்து வேண்டாம்.

கணக்காகவே பார்ப்போம். 200 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியில் இருந்து 85 டிகிரிக்குப் போக ஏறக்குறைய 13 யூனிட் வேண்டும். 1500 வாட் ராடு ஒன்று போட்டால் எட்டரை மணி நேரம், அதுவும் சூடு வெளியே போகாமல் இருந்தால். இரண்டு ராடு போட்டால் 13 ஆம்பியர், 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி நாற ஆரம்பிக்கும். அது ஒருபுறம் இருக்கட்டும். இரும்பு டிரம், தண்ணீர், மேலே உப்பு படிந்த ராடு, பக்கத்தில் குச்சியால் வைக்கோலை அமுக்குகிற ஆள்! ராடின் உறையில் ஒரு விரிசல் போதும். தென்னை மட்டையும் கருவேல விறகும் நம் ஊரில் கிடைக்காத பொருளா? அடுப்பு மூட்டியே வேகவையுங்கள், கீற்றுக்குத் தள்ளி.

மே 20

வீட்டுக்கும் கொட்டகைக்கும் நூறு மீட்டர் தூரம் உள்ளவருக்கு: 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் போகவர 200 மீட்டர், ஒன்றரை ஓம். 10 ஆம்பியர் இழுத்தால் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். சாயங்காலம் லைனில் 200 வோல்ட்தான் வருகிற ஊர் என்றால் மோட்டாருக்கு 185. மோட்டார் கிளம்ப முக்கும், கிளம்பினாலும் சுடும். 4 ஸ்கொயரில் இழப்பு 9 வோல்ட் சொச்சம், 6 ஸ்கொயரில் ஆறே கால். தூரம் அதிகமானால் 6 போடுங்கள். தரைக்கு அடியில் போனால் இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள், மேலே செங்கல் அடுக்கி. வரப்பு வெட்டுகிற மண்வெட்டிக்குச் சாதா பிவிசி வயர் தாங்காது.

மே 27

பம்புசெட் கரண்ட் இலவசம்தானே, அதிலிருந்தே எடுக்கலாமே என்று இரண்டு பேர். கூடாது. இலவச விவசாய இணைப்பு வயலுக்குத் தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. காளான் கொட்டகைக்கு எந்த டாரிஃப் என்பதை உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தை விட்டாலும், அந்த லைனை நம்பிக் கொட்டகை நடத்த முடியாது. பல ஊரில் த்ரீ ஃபேஸ் நாள் முழுக்க வராது. மற்ற நேரத்தில் கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அப்படி ஓட்டும்போது காணாமல் போன ஃபேஸில் எவ்வளவு வோல்ட் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்இடி விளக்குக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் அதில் போய்விடும்.

போர்டில் ஹை வோல்டேஜ், லோ வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்று வையுங்கள். காற்று மழையில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400க்குப் பக்கத்தில் வரும். தெருவே டிவியையும் ஃபிரிட்ஜையும் பறிகொடுத்த ஒரு ராத்திரியில் என் கொட்டகை மோட்டார் பிழைத்தது அதனால்தான்.

ஜூன் 8

கீற்றுக் கொட்டகை போடுகிறவர்களுக்கு. நானும் கீற்றுதான் போட்டிருக்கிறேன், உள்ளே குளுமைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் போனார்கள். கீற்று எவ்வளவு வேகத்தில் எரியும் என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அது கரண்டால் பிடித்த தீ அல்ல. ஆனால் லூஸான ஒரு ஜாயின்ட் சூடேறினாலும் கூரைக்கு அதே கதிதான்.

கீற்றில் வயரைக் கட்டாதீர்கள். பிவிசி பைப்புக்குள் விட்டு மூங்கிலிலோ இரும்பிலோ கிளாம்ப் போடுங்கள். வழியில் ஜாயின்ட் வேண்டாம், போர்டில் இருந்து விளக்கு வரை ஒரே துண்டாகப் போகட்டும். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் அந்த ஈரத்தில் ஒரு வருஷம் தாங்காது.

பைப் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் எலி. காளான் வித்து சோளத்தில் வளர்த்தது, வைக்கோலில் உதிராத நெல்லும் இருக்கும். எலி வராமல் இருக்குமா? வந்தது வயரையும் கடித்துப் பார்க்கும்.

ஜூன் 9

வைக்கோல் பற்றி ஓரமாகக் கேட்டவருக்கு: குறுவை வைக்கோல் அறுக்கிற நேரத்திலேயே மழையில் மாட்டும். கறுத்த வைக்கோலில் வேறு பூஞ்சைகள் முந்திக்கொள்ளும். தை, மாசியில் சம்பா, தாளடி வைக்கோலை நன்றாகக் காயவைத்துப் போர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் மெஷின் மோட்டார் இரண்டு ஹெச்பி என்றால் அதற்குத் தனி எம்சிபி, தனி ஸ்டார்ட்டர். கொட்டகை லைனில் சேர்க்காதீர்கள்.

ஜூன் 30

மே மாதம் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். ஆர்சிசிபி என்று ஒன்றைத்தான் சொல்லியிருந்தேன். யோசித்துப் பார்க்க, இரண்டாகப் பிரிப்பது நல்லது: மோட்டாருக்கு ஒன்று, விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒன்று. ராத்திரி ஃபாகர் மோட்டாரில் லீக் வந்து ஒரே ஆர்சிசிபி விழுந்தால் விளக்கும் அணையும். இருட்டில் நனைந்த தரையில் தடவிக்கொண்டு போகும்படி ஆகும். ஃபேன் நின்றால் உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு கூடி, விடிவதற்குள் சிப்பிக் காளான் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போக ஆரம்பிக்கும்.

இரண்டு போடும்போது நியூட்ரலையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்றின் நியூட்ரலை மற்றதில் சேர்த்துவிட்டால் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். எல்இடி டிரைவர் உள்ள லைனுக்கு டைப் ஏ வகை ஆர்சிசிபி கேட்டு வாங்குங்கள்.

ஜூலை 14

தஞ்சாவூரில் மாடி அறையில் மைக்ரோகிரீன்ஸ் போடுகிற தம்பிக்கு: உங்களுக்கும் இதே கதைதான், தண்ணீர் கொஞ்சம் குறைவு. ரேக்கில் தட்டுக்கு மேலே தட்டு, நடுவில் விளக்கு, மேல் தட்டில் ஊற்றுகிற தண்ணீர் கீழ் விளக்கில் சொட்டும். விளக்கின் வயர் பிளக்குக்கு நேராக இறங்கக் கூடாது. கீழே தொங்கி வளைந்து மேலேறிப் போகட்டும், சொட்டு வளைவிலேயே விழுந்துவிடும். பிளக் ரேக்கின் மேல்தட்டு உயரத்துக்கும் மேலே, பக்கவாட்டுச் சுவரில்.

அக்டோபர் 26

மழை பிடித்ததில் இருந்து ஒரே கேள்விதான்: ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது, என்ன செய்ய? எனக்கும் போன வருஷ ஐப்பசியில் இதே தொல்லை. பார்க்க வந்தவர் 30ஐ எடுத்துவிட்டு 100 மில்லி ஆம்பியர் போடலாம், இல்லையென்றால் தற்காலிகமாக பைபாஸ் செய்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. 100, 300 எல்லாம் தீப்பிடிக்காமல் இருக்கப் போடுவது. ஆளுக்கு 30தான்.

விழுகிறதென்றால் எங்கோ லீக் இருக்கிறது. எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் டக்கென்று விழுந்தது. மெயினை அணைத்து, மோட்டாரின் டெர்மினல் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது, மூன்று ஸ்குரூவில் இரண்டின் மேல் பச்சைப் பூஞ்சாணம் மாதிரி செம்புக் களிம்பு, கேபிள் நுழைகிற ஓட்டையில் ரப்பர் கிளாண்டே இல்லை. சாரல் கேபிளைப் பிடித்தபடியே வழிந்து உள்ளே போயிருக்கிறது. சுரண்டி, காயவைத்து, கிளாண்ட் போட்டு, கேபிளைக் கீழிருந்து மேலே ஏறுகிற மாதிரி திருப்பிவிட்டதோடு சரி, அப்புறம் விழவில்லை. அந்த ஆர்சிசிபியை பைபாஸ் செய்திருந்தால் களிம்பு வழியாக மோட்டார் பாடிக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுந்தால் வயரிலேயே லீக். அதற்கு மெக்கர் (வயரின் மேல்தோல் கரண்டைத் தடுக்கிறதா என்று அளக்கிற கருவி) வைத்திருக்கிற லைசென்ஸ் ஆள் வேண்டும். 500 வோல்ட்டில் 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த லைனை மாற்றுங்கள்.

நவம்பர் 17

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பது பற்றி. 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை ஏறியது. அதற்குப் பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டையில் கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர். நிறைய இடத்தில் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரை வீட்டு சாக்கெட்டில் செருகித்தான் ஓட்டினார்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி லைனுக்குப் போகும். அங்கே கம்பத்தில் ஏறியிருப்பவர்கள் வேறு மாவட்டத்தில் இருந்து நமக்காக வந்து, சேற்றில் நின்று வேலை செய்தவர்கள். ஜெனரேட்டர் வைப்பதென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம், லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே அது வீட்டோடு சேர்க்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிறதாக இருக்கட்டும்.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு சேராமல் மிதக்கும். அப்படி இருந்தால் லீக் வந்தாலும் ஆர்சிசிபி விழாது. சேஞ்ச் ஓவர் பொருத்துகிறவரிடம் இதைக் குறிப்பிட்டுச் சொல்லி, ஜெனரேட்டர் பக்கம் நியூட்ரலை எர்த் செய்யச் சொல்லுங்கள். ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது.

நவம்பர் 18

யாருக்காவது ஷாக் அடித்தால் என்ற கேள்வி. ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின். போர்டு வெளியே கதவோரம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதே இதற்காகத்தான். வெளியில் இருப்பவர் உள்ளே காலே வைக்காமல் அணைக்க முடிய வேண்டும். அணைக்க முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். கொட்டகைக்குள் கிடக்கிற கட்டை எடுக்காதீர்கள், அது நனைந்திருக்கும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சு நடுவில் அழுத்திக்கொண்டே இருங்கள், இன்னொருவர் 108க்குப் பேசட்டும். வேலைக்கு வருகிற எல்லோருக்கும், கூலிக்கு வருகிறவர்களுக்கும், எது மெயின் என்று கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள். போர்டில் சிவப்பு பெயின்ட்டில் எழுதியும் வையுங்கள்.

நவம்பர் 20

பாபநாசம் தம்பி போர்டு படம் அனுப்பியிருந்தார். தனி லைன், இரண்டு ஆர்சிசிபி, மோட்டார் வெளியே, எல்லாம் சரி. இரண்டு வேலை பாக்கி. போர்டுக்கு மேல் ஒரு தகரத் தகடு சாய்த்து அடியுங்கள், வாடைக் காற்றில் சாரல் வடகிழக்கே இருந்து நேராக அடிக்கும். அப்புறம் எர்த் வயர் ஃபேன் வரை வந்து, இரும்புக் கதவுக்கு வரவில்லை. கதவுக்கும் இணைத்துவிட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்தி இரண்டு ஆர்சிசிபியும் விழுகிறதா என்று பார்த்த பிறகு வித்துக்குச் சொல்லுங்கள். பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும், ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.